ஒற்றை மூலக்கூறு காந்தங்களும் ஈந்தணைவிகளும்

ஒற்றை மூலக்கூறு காந்தம் என்பது தாழ்வெப்பநிலையில் தனி மூலக்கூறாகவே காந்தத்தன்மையைத் தக்கவைக்கும் சேர்மமாகும். 1980 இல் போலந்து வேதியியலாளர் ததேயுசு லிசு, அசிட்டேட்டு ஈந்தணைவிகள் சூழ்ந்த, 12 மாங்கனீசு அணுக்கள் கொண்ட கொத்தைத் தயாரித்தார். இதன் காந்த நினைவு 1993 இல் அறியப்பட்டது. 4 கெல்வினுக்குக் கீழ்தான் அது நிலைத்தது. 2003 இல் சப்பானியரான நவோட்டோ இசிகாவா குழுவினர், இரு தாலோசயனின் வளையங்களுக்கிடையே அமைந்த ஒரே டெர்பியம் அயனியும் போதுமெனக் காட்டினர்.

டிசிப்ரோசியம் அயனியின் எதிர்மின்னி முகில் தட்டையானது. ஈந்தணைவிகள் மேலும் கீழும் அமைந்தால் காந்தத்திசை நிலைபெறும். பக்கவாட்டில் பிணைந்தால் எளிதில் புரளும். எனவே பக்கவாட்டுப் பிணைப்பைத் தடுக்கும் பருத்த வளையபென்டாடையீனைல் வளையங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 2017 இல் 60 கெல்வினிலும், 2018 இல் 80 கெல்வினிலும் காந்தத் தயக்கம் பதிவானது. நீர்ம நைட்ரசனின் கொதிநிலையான 77 கெல்வினை இம்மூலக்கூறுகள் முதன்முறையாகத் தாண்டின.