ப்ரௌட் மேரி யாருடைய பாட்டு?

ஹோட்டல் பேண்டில் கித்தார் வாசித்துப் பிழைத்த எங்களில் பலர் 'ப்ரௌட் மேரி'யை டினா டர்னர் பாட்டு என்றே நினைத்திருந்தோம். சாப்பிட வந்தவர்கள் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்புவதும் அவர் பாடிய விதத்தைத்தான்: பேச்சுப்போல மெதுவாகத் தொடங்கி, திடுமென்று ஓட்டம் பிடிக்க வேண்டும். 1971இல் ஐக், டினா தம்பதி பாடி, அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம் பிடித்து, கிராமி விருதும் வாங்கிய வடிவம் அது.

எழுதியவர் ஜான் ஃபோகர்ட்டி. 1945இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்து, பக்கத்து எல் செரிட்டோவில் வளர்ந்தவர். அண்ணன் டாம், பள்ளித் தோழர்கள் ஸ்டூ குக், டக் கிளிஃபோர்ட் ஆகியோருடன் அவர் நடத்திய குழுதான் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல். ப்ளூஸ், கன்ட்ரி, பழைய ராக் அண்ட் ரோல் மூன்றையும் கலந்து பிழிந்த இசை. பிற்பாடு அதற்கு 'ரூட்ஸ் ராக்' என்று பெயர் வைத்தார்கள். பாட்டெல்லாம் லூசியானா சதுப்பு, மிசிசிப்பி ஆறு. பாடியவரோ சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாக்காரர்!

1968இல் ராணுவ ரிசர்விலிருந்து விடுவிப்புக் கடிதம் வந்ததும் புல்தரையில் கரணம் போட்டுவிட்டு உள்ளே போய் எழுதியது இந்தப் பாட்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். மேரி முதலில் துணி வெளுக்கும் பெண்ணாம். எழுத எழுத நீராவிப் படகாகிவிட்டாள். சி-யிலிருந்து ஏ-க்கு இறங்கும் அந்தத் தொடக்க கார்டுகளுக்கு பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி தூண்டுதல். வாசித்துப் பாருங்கள், விரலுக்கே புரியும். பின்குரல்களையும் தானே பாடிக்கொண்டார். மற்ற மூவருக்கும் மனஸ்தாபம். 1969 ஜனவரியில் வெளிவந்து 2ஆம் இடம் வரை ஏறியது. இந்தக் குழுவின் ஐந்து சிங்கிள் இசைத்தட்டுகள் அமெரிக்கப் பட்டியலில் 2ஆம் இடத்தைத் தொட்டன. அங்கே முதலிடம் ஒருமுறைகூட இல்லை.

1972இல் குழு கலைந்தது. பாட்டுகளின் உரிமை ஃபேன்டஸி இசைத்தட்டுக் கம்பெனியிடம், அதன் முதலாளி சால் சேன்ட்ஸிடம். ஒப்பந்தத்திலிருந்து தப்பிக்க ஃபோகர்ட்டி தன் ராயல்டியையே விட்டுக்கொடுத்தார். பிறகு, பாடினால் சேன்ட்ஸுக்குத்தானே காசு என்று தன் பழைய பாட்டுகளைப் பாடுவதையே நிறுத்திக்கொண்டார். இந்த வீம்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் பட்டினி கிடந்தது பாட்டுதான். 1987இல் லாஸ் ஏஞ்சலஸின் பாலமினோ கிளப்பில் பாப் டிலன்தான் உசுப்பினார்: நீ பாடாவிட்டால் 'ப்ரௌட் மேரி'யை டினா டர்னர் பாட்டென்றே எல்லோரும் நினைப்பார்கள் என்று. அன்று பாடினார்.

இதற்கிடையே இன்னொரு கூத்து. 1984 டிசம்பரில் வந்த அவருடைய புதுப் பாட்டு, ஃபேன்டஸியிடம் இருந்த அவருடைய பழைய பாட்டின் நகல் என்று வழக்கு. தன்னிடமிருந்தே திருடினார் என்ற குற்றச்சாட்டு! 1988இல் சாட்சிக் கூண்டில் கித்தாரோடு உட்கார்ந்து, தன் பாணி இப்படித்தான் என்று வாசித்துக் காட்டி ஜெயித்தார். வக்கீல் செலவைத் திரும்பக் கேட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1994இல் அங்கேயும் அவர் பக்கமே தீர்ப்பானது. பதிப்புரிமை வக்கீல்கள் இன்றும் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறார்கள்.

2004இல் ஃபேன்டஸி கான்கார்ட் கம்பெனியின் கைக்குப் போன பிறகு ராயல்டி திரும்பக் கிடைத்தது. 2023 ஜனவரியில், 77 வயதில், தன் பாட்டுகளின் பதிப்புரிமையில் பெரும்பங்கை ஃபோகர்ட்டி விலை கொடுத்து வாங்கினார்.