பட்டம் மட்டும் காணாது
இந்தோனேசியாவின் புசாங் காட்டுக்குள்ள பெருந்தங்கம் கிடக்குது எண்டு கனடாவின் ப்ரி-எக்ஸ் கம்பனி சொன்னது. சனம் பங்குகளை வாங்கித் தள்ளினது. ஒன்ராறியோ ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதிகூட அதில முதலிட்டது. 1997 மே மாதம் வெளிவந்த சுயாதீன ஆய்வு, மாதிரிகளில் வெளித்தங்கம் கலக்கப்பட்டிருந்ததைக் காட்டியது. கம்பனி விழுந்தது.

களவேலைக்குப் பொறுப்பாக இருந்தவர்கள் படிக்காத ஆக்கள் இல்லை. பட்டம் பெற்ற புவிச்சரிதவியலாளர்கள்தான். அப்ப பல்கலைக்கழகச் சான்றிதழால் என்ன பயன்?

அது முதல் படி மட்டுமே. 2000இல் ஒன்ராறியோ இத்தொழிலுக்கு அனுமதிப்பத்திரச் சட்டம் இயற்றியது. பட்டத்தோடு வேலை அனுபவமும் வேணும். 2001இலிருந்து, கனடாப் பங்குச்சந்தைக் கம்பனிகளின் கனிம அறிக்கைகளுக்குத் தகுதிபெற்ற ஒருவர் தன் பெயரில் பொறுப்பேற்க வேணும். பிழை செய்தால் அனுமதியைப் பறிக்கலாம்.