சேர்வராயன் மலையில் ஒரு கணிப்பொறி



சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏற்காட்டை அடையலாம். அங்கே காப்பித் தோட்டமொன்றில் கணக்கெழுதும் என் நண்பரின் மகன், பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, ஒரு தாளை என்னிடம் கொண்டுவந்தான். விளையாடுவதற்கும், படம் வரைந்து அதை அசையச் செய்வதற்கும் ஏற்ற கணிப்பொறி ஒன்றைத் தன் கையாலேயே பூட்ட வேண்டும் என்பது அவன் விருப்பம். தந்தை இரண்டாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமே அதற்கு முதல். தாளில் உறுப்புகளும் அவற்றின் விலைகளும் வரிசையாக இருந்தன. தொகையில் பாதிக்கு மேற்பட்டதைக் கிராபிக்ஸ் கார்டு ஒன்றே விழுங்கியிருந்தது. மின்வழங்கிக்கு மிஞ்சியதோ சில்லறைதான். “சரிதானா ஐயா?” என்று கேட்டான். விடைக்கு முன் அவனுக்கு ஒரு வரலாற்றைக் கூறினேன். அதனையே இன்று உங்களுக்கும் கூறுகின்றேன்.

கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிலையம் 1956-ஆம் ஆண்டில் பிரிட்டனிலிருந்து ஒரு கணிப்பொறியை வரவழைத்து நிறுவியது. அதே காலத்தில் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார், அத்தகைய பொறியொன்றைத் தாமே கட்டத் துணிந்தனர். அம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் ஆர். நரசிம்மன். மதராஸில் பிறந்து, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் கணிதப் பட்டம் பெற்றுத் திரும்பியவர் அவர்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் ஜான் வான் நாய்மன் வகுத்த பொறியின் அமைப்பை அவர்கள் முன்மாதிரியாகக் கொண்டனர்; ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினார்களில்லை. பிரின்ஸ்டன் பொறியின் நினைவகம், எதிர்மின்கதிர்க் குழாயின் முகத்தில் மின்னூட்டப் புள்ளிகளாக எண்களைத் தாங்கியது. அப்புள்ளிகள் விரைவில் மங்கிவிடும். ஓயாமல் புதுப்பிக்க வேண்டும். ஆகவே பம்பாய்க் குழுவினர் ஃபெரைட் என்னும் காந்தப் பொருளாலான சிறு வளையங்களைத் தேர்ந்தனர். அவ்வளையங்கள் மின்சாரம் நின்றாலும் தாம் கொண்டதை விடா. கட்டடம் முழுவதும் பிறர் வரைந்த படமாக இருந்தாலும், எந்தக் கல் உறுதியானது என்பதைத் தாமே ஆய்ந்து முடிவு செய்தனர்.

இன்னொன்றும் செய்தனர். பெரிய பொறியில் கை வைக்குமுன் ஒரு சிறு மாதிரிப் பொறியைக் கட்டி, 1956-இல் இயக்கிப் பார்த்தனர். அதில் கற்றவற்றைக் கொண்டு முழுப் பொறியை 1960-இல் செயற்படுத்தினர். 1962-இல் பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். அதில் 2,700 வெற்றிடக் குழாய்கள், 1,700 ஜெர்மானியம் டையோடுகள், 12,500 மின்தடைகள் இருந்தன. இவை அடங்கிய எஃகுச் சட்டத்தின் நீளம் 18 அடி, உயரம் 8 அடி. வரைபடங்களையும் எழுத்துகளையும் காட்டும் திரையொன்றும் அதற்கு உண்டு. நினைவகமோ 40 பிட்டுகள் கொண்ட 2,048 சொற்களே. இன்று 16 ஜிகாபைட் நினைவகம் வாங்கும் மாணவன், அதைப் போல் பதினாறு லட்சம் மடங்குக்கும் மேற்பட்டதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகின்றான்.

இவ்வரலாற்றைக் கேட்டபின் நாங்கள் இருவரும் அத்தாளை மீண்டும் எடுத்தோம். செய்ய வேண்டிய வேலை எது என்பதே முதல் கேள்வி. விளையாட்டுக்குக் கிராபிக்ஸ் கார்டின் வலிமை வேண்டும். அசைபடம் தொகுப்பதற்கோ செயலியும் நினைவகமும் இணையான வலிமையுடையனவாக இருத்தல் வேண்டும். ஒன்று ஓட, மற்றொன்று நொண்டினால் ஓடுவதும் காத்துத்தான் நிற்கும். செயலி மதர்போர்டில் பொருந்துமா என்பதையும் முன்கூட்டியே பார்த்தல் வேண்டும்.

அடுத்தது வெப்பம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்று, கடலோரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அடர்த்தி குறைந்தது. ஆதலால் விசிறியின் ஒவ்வொரு சுற்றும் குறைவான வெப்பத்தையே வெளியேற்றும். ஆயினும் மலைக்காற்றின் குளிர்ச்சி அக்குறையைப் பெரிதும் ஈடுசெய்கின்றது. எனவே அவன் எழுதியிருந்த விலையுயர்ந்த நீர்க்குளிர்விப்பான் தேவையில்லை. அலுமினியத் தகடுகளும் ஒரு நல்ல விசிறியும் போதும். அந்த அலுமினியமும் இம்மலைக்கு அயலானதன்று. 1965-இல் உற்பத்தி தொடங்கி 2008 வரை மேட்டூரில் இயங்கிய அலுமினிய ஆலைக்குச் சேர்வராயன் மலையின் பாக்சைட் சென்றதுண்டு.

இங்கு மிஞ்சிய பணத்தை மின்வழங்கிக்குத் திருப்பினோம். மழைக்காலத்து இடியும், ஏறி இறங்கும் மின்னழுத்தமும் மலையூர்களுக்குப் புதியன அல்ல. தரமற்ற மின்வழங்கி கெடும்போது, தான் மட்டும் கெடாது. தன்னோடு இணைந்தவற்றையும் கெடுத்துவிடக்கூடும். எல்லா உறுப்புகளும் உண்ணும் மின்திறனைக் கூட்டி, அதற்குமேல் மூன்றில் ஒரு பங்கேனும் கூடுதலாகத் தரவல்லதை வாங்குமாறு கூறினேன். கிராபிக்ஸ் கார்டில் ஒருபடி இறங்க வேண்டியதாயிற்று. அவன் முகம் சற்று வாடியது உண்மைதான். பெட்டிக்குள் பூட்டுமுன், மேசைமேல் வைத்து ஒருமுறை இயக்கிப் பார்க்கவும் சொன்னேன். பம்பாயின் மாதிரிப் பொறி கற்பித்த பாடம் அது.

“ஐந்தாண்டில் இதுவும் பழையதாகிவிடுமே ஐயா?” என்று அவன் கேட்டான். ஆம், டிஃப்ராக்கும் பழையதாயிற்று. அது பிறந்தபோதே உலகம் டிரான்சிஸ்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. 1964-இல் அந்நிலையத்துக்கு அமெரிக்காவின் சி.டி.சி. 3600 வந்தது, அடுத்த ஆண்டு டிஃப்ராக் ஓய்ந்தது. ஆயினும் அதைக் கட்டியவர்கள் கற்றது ஓயவில்லை. நரசிம்மன் அதன்பின்னும் பல்லாண்டுகள் நம் நாட்டின் கணிப்பொறி ஆராய்ச்சியை வழிநடத்தினார்.

மாணவர்களே, அவனிடம் இறுதியாகச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கின்றேன். பட்டியலில் ஒவ்வோர் உறுப்புக்கும் எதிரே, அதை ஏன் தேர்ந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அவ்வரியை எழுத இயலாத உறுப்பை வாங்காதீர்கள்.