பனந்தண்டு

பனந்தண்டு என்பது பனையின் கிளையற்ற நடுமரம். 30 மீட்டர் வரை உயரும். தாமிரபரணிக்குத் தெற்கே நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளைப் பக்கங்களிலும், சாத்தான்குளம், உடன்குடித் தேரிகளிலும் நெடுங்காலம் கூரை தாங்கியது இதுவே. உயிர்களின் படிமலர்ச்சியில் நேர்ந்த ஒரு குறையையும், அதோடு வாழ மரம் கண்ட வழியையும் இதில் ஒருசேரக் காணலாம்.

வகைப்பாடு

தமிழ் இலக்கண மரபு பனையை மரமாகக் கொள்ளவில்லை. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்பக்கம் வைரம் உடையவற்றைப் புறக்காழ் என்று கண்டு புல் என்கிறது. உள்ளே வைரம் உடையவற்றை அகக்காழ் என்று கண்டு மரம் என்கிறது. அதன்படி பனையும் தென்னையும் கமுகும் மூங்கிலும் புல். தேக்கும் வேம்பும் மரம். பூவையும் காயையும் பாராமல், வைரம் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பிரித்த பிரிவு இது. கோடரி பிடித்த கைகளின் அறிவு இதில் இருக்கிறது. ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் ஜான் ரே விதையிலைகளை எண்ணி ஒருவித்திலை, இருவித்திலை என்று வகுத்தார். அந்த வழியில் போனாலும் பனை புல்லுக்கே உறவு. ஆயினும் தண்டின் வலிமையை அறிய விரும்புவோருக்கு மரபியலின் பிரிவே மேலானது.

வான் ரீடின் தாவர நூலான 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' முதல் தொகுதி (1678) பெண்பனையைக் கரிம்பனை என்றும் ஆண்பனையை ஆம்பனை என்றும் தனித்தனியே விவரித்தது. லின்னேயஸ் 1753இல் 'பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர்' என்று ஒரே பெயரிட்டார். ஊர்வழக்கில் பெண்பனை பருவப்பனை, ஆண்பனை அலகுப்பனை. பாளை விடும்வரை ஒரு மரம் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

குறையும் வழியும்

வேம்பின் பட்டைக்கு உட்புறம் கேம்பியம் என்னும் வளர்படை உண்டு. அது ஆண்டுதோறும் அடிமரத்தைப் பருக்க வைக்கும். ஒருவித்திலைகளின் மூதாதை அதை இழந்துவிட்டது, பனைக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் தண்டில் பட்ட வெட்டு ஆறி மூடுவதில்லை. உச்சியில் உள்ள ஒற்றைக் குருத்து அழுகினால் மரமே போயிற்று. வெற்றுத்தாளில் வரையத் தொடங்கும் பொறியாளர் எவரும் உயிரை இப்படி ஒரே முனையில் வைக்கமாட்டார். படிமலர்ச்சிக்கு வெற்றுத்தாள் கிடையாது. இருக்கிற உடலைத்தான் திருத்த முடியும்.

பனை முதலில் மண்ணுக்குள் அகலத்தைச் சேர்க்கிறது. வடலி என்னும் இளம்பனை பல ஆண்டு ஓலை மட்டும் காட்டி நிற்பது இதனால்தான். போதிய பருமன் வந்த பிறகே தண்டு மேலெழும். பிறகு பருக்க வழியில்லாததால் பழைய நார்களின் சுவர்களையே தடிப்பாக்கி இறுக்குகிறது. முதிர்ந்த பனையின் அடித்தண்டு வைரமேறிக் கறுத்திருப்பதும், வடலி கட்டடத்துக்கு ஆகாததும் இதன் விளைவு.

அறுத்த முகத்தைப் பார்த்தால் கணக்கு விளங்கும். நடுவே வெளிறிய சோறு, அதில் தூவிய மிளகுபோல அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கரும்புள்ளிகள். விளிம்பை நெருங்க நெருங்கப் புள்ளிகள் கூடி ஒரே கருமையாகும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நார்க்கற்றை. காற்றில் வளையும் தண்டில் இழுப்பும் அழுத்தமும் மிகுவது விளிம்பில்தான். அங்கேதான் நாரும் குவிந்திருக்கிறது. சைமன் ஸ்வெண்டனர் 1874இல் ஒருவித்திலைத் தண்டுகளைப் பற்றி எழுதிய நூலில் இவ்வமைப்பைக் கட்டடப் பொறியியலின் உத்தரங்களோடு ஒப்பிட்டு விளக்கினார். கான்கிரீட் தூணில் கம்பிகளை நடுவில் போடாமல் ஓரமாக நிறுத்துவதும் இதே கணக்கு. வன்மை படிப்படியாகக் குறைந்து சோற்றில் கரைவதால், வைரத்துக்கும் சோற்றுக்கும் இடையே பிளந்துபோகக் கூர்மையான எல்லை இல்லை. பொறியாளர் பனையிடம் கற்கவேண்டியது இதைத்தான். ஒற்றைக் குருத்தை அன்று.

தச்சர்கள் ஆப்பு அடித்துத் தண்டைப் பிளந்து, வாய்ச்சியால் சோற்றைச் செதுக்கித் தள்ளி, வைரத்தை மட்டும் பனங்கையாகக் கூரைக்கு ஏற்றினார்கள்.

இன்றைய நிலை

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். கான்கிரீட் கூரை வந்தபின் பனங்கைக்குத் தேவை குறைந்தது. செங்கல் சூளைகளுக்குப் பல மரங்கள் போயின. வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் மாநில வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது.