திறப்பு யார் கையில்?

1948 ஆம் ஆண்டு பெப்ரவரி 4 ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது. ஆயினும், அந்நாட்களில் நமது தோப்பூரிலிருந்து மூதூருக்குச் சென்று, கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலைக்குப் போன ஒருவர் அத்துறைமுகத்திற் கண்டது பிரித்தானியக் கடற்படையைத்தான். 1947 இல் செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தின் பேரில் கடற்படைத் தளம் அவர்களிடமே இருந்தது. 1957 ஒக்டோபர் 15 ஆம் நாளன்றே அது இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. வீடு நம்முடையது, வாசற்கதவின் திறப்போ பிறர் கையில். ஒன்றைப் பயன்படுத்தும் உரிமை வேறு, அதன் மேலுள்ள அதிகாரம் வேறு என்பதை இக்கரை மக்கள் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கண்கூடாகக் கண்டனர்.

அந்தப் பழைய வினா இன்று கந்தோர் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. எழுதுவினைஞர் காலையிற் கணனியை இயக்கிக் கணக்கு மென்பொருளைத் திறக்கின்றார். "நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும்" என்கிறது திரை. அவரிடம் அது கிடையாது. கிராமத்துக் கந்தோராயின் அதனை அறிந்தவர் பெரும்பாலும் பட்டினத்தில் இருப்பார். 2009 இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் திருகோணமலைக்குச் செல்லும் வழி எளிதாயிற்று. கடவுச்சொல் வந்து சேரும் வழி மட்டும் எளிதாகவில்லை. வரிசையில் நிற்கும் குடியானவர், "இன்று கணனி வேலை செய்யாது" என்ற விடையோடு வீடு திரும்புகின்றார். இந்த முட்டுக்கட்டையைத் தொழில்நுட்பத்தின் தலைவிதியென்று ஏற்றுக்கொள்வதா? அதன் வரலாற்றை நோக்கினால் விடை தெளிவாகும்.

1961 நவம்பரில் அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவருடைய சகாக்களும், ஒரே கணனியைப் பலர் ஒரே வேளையிற் பகிர்ந்து பயன்படுத்தும் முறைமையைச் செய்து காட்டினர். பலர் கூடும் இடத்தில் ஒருவர் கோப்பை மற்றொருவர் அழித்துவிடாதிருக்க வேண்டுமல்லவா? அதற்காகக் கடவுச்சொல் புகுந்தது. மறு ஆண்டே, 1962 இல், அலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணனி நேரம் ஆய்வுக்குப் போதாமையால், எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பைத் துளையட்டையொன்றின் மூலம் அச்சிட்டு எடுத்துக்கொண்டார். நேர்மையான வேலைக்கு வேண்டிய வசதியை மறுக்கும் பூட்டு, தன்னை உடைப்பதற்குத் தானே ஆள் தேடிக்கொள்கின்றது. நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கடதாசியில் எழுதித் திரையோரத்தில் ஒட்டிவைத்திருக்கும் கந்தோர்கள் இதே பாடத்தையே இன்றும் படிக்கின்றன.

1969 இற் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஆக்கத் தொடங்கினர். அதிலே சகல அதிகாரமும் பெற்ற பாவனையாளருக்கு 'வேர்' எனப் பொருள்படும் பெயர் வாய்த்தது. வேருக்கு எல்லாம் இயலும்; ஏனையோருக்கு எல்லையுண்டு. இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. கடவுச்சொற் கோப்பில் எழுத வேர் ஒருவருக்கே உரிமை. எனின், சாதாரணப் பாவனையாளர் தமது கடவுச்சொல்லை மாற்றுவது எவ்வாறு? றிச்சி கண்ட தீர்வு எளியது, ஆழமானது. குறித்த ஒரு நிரலுக்கு மட்டும், அது ஓடும் வேளையில் மட்டும், அதன் உரிமையாளரின் அதிகாரம் வழங்கப்படும். அதனை ஓட்டுபவர் கையில் அவ்வதிகாரம் தங்காது. தபாற்கந்தோர்ச் சாளரத்தில் நிற்பவருக்குப் பணப்பெட்டியின் திறப்பைக் கொடுப்பதில்லை. ஆனால் அவருடைய காசுக்கட்டளை மாற்றப்படுகின்றது. இதுவும் அத்தகையதே. இம்முறைக்கு 1979 இற் காப்புரிமை வழங்கப்பட்டது. பிற்பாடு அது பொதுவுடைமையாக விடப்பட்டது.

ஆகவே, முழு அதிகாரம் இல்லாத ஒருவர் தமது அலுவலைத் தடையின்றிச் செய்வதற்கு வழியுண்டு என்பது அரை நூற்றாண்டுக்கு முன்னரே நிரூபிக்கப்பட்ட உண்மை. பின் ஏன் நமது எழுதுவினைஞர் காத்திருக்கின்றார்?

1981 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாட் கணனி சந்தைக்கு வந்தது. அதன் இயங்குதளமான டொஸ், கணனிக்கு ஒரே ஆள்தான் என்று கருதியது. விண்டோஸ் 95 உம் 98 உம் அவ்வழியே சென்றன. எந்த நிரலும் எவ்விடத்திலும் எழுதலாம் என்ற நிலையில், கணக்கு மென்பொருள் செய்தோர் தம் தரவுகளை நிரல்கள் வைக்கப்படும் பொது அடைவிலேயே எழுதிப் பழகினர். பூட்டும் எல்லையும் கொண்ட விண்டோஸ் என்.டி. 1993 இலேயே வந்தபோதிலும், அதன் வழிவந்த எக்ஸ்.பி. 2001 இல் வெளியானபோது, நிறுவும் வேளையில் உண்டாக்கப்பட்ட கணக்குகள் நிர்வாகிக் கணக்குகளாகவே அமைந்தன. மென்பொருள் ஆக்குவோரும் நிர்வாகியாகவே நுழைந்து, நிர்வாகியாகவே சோதித்து, விற்பனைக்கு அனுப்பினர். சாதாரணப் பாவனையாளரின் இருக்கையில் அமர்ந்து பார்க்க அவர்களுக்குத் தேவை நேரவில்லை. அதனால் மிஞ்சிய செலவு ஆக்கியோருக்கு இலாபம்; அச்செலவை இன்றுவரை செலுத்துவது கந்தோரின் நேரமும் எழுதுவினைஞரின் பொறுமையும்.

2007 இற் பொதுச்சந்தைக்கு வந்த விஸ்டா, நிர்வாகியாயினும் ஒவ்வொரு பெரிய மாற்றத்திற்கும் ஒப்புதல் கேட்கத் தொடங்கியது. பழைய மென்பொருள் பொது அடைவில் எழுத முற்பட்டால், அவ்வெழுத்தை அவரவர் சொந்த அடைவுக்கு அது சத்தமின்றித் திருப்பிவிட்டது. இதனால் விந்தையான விளைவொன்று நேர்ந்தது. ஒரே கணனியில் இருவர் தத்தம் பெயரில் நுழைந்து வேலை செய்தால், ஒருவர் காலையிற் பதிந்த பற்றுச்சீட்டு மற்றவருக்கு மாலையிற் புலப்படாது போகலாம். குறை ஆக்கத்தில், பழியோ எழுதுவினைஞர் தலையில்!

இந்தப் பூட்டு நமது மொழியையும் தீண்டியது. 1956 இல் நிறைவேறிய சட்டம் சிங்களம் ஒன்றையே அரசகரும மொழியாக்கியது; 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. ஏட்டில் உரிமை வந்தது. கணனியில்? நம்மிடையே பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இருப்பிடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியது. அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் தமிழ்க் கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றும். எழுத்துருவை நிறுவவோ நிர்வாகி உரிமை வேண்டும். ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடமிருந்தும், எக்ஸ்.பி. கணனியில் அதற்குரிய துணைக்கோப்புகளைச் சேர்க்க மறுபடியும் நிர்வாகியே வர வேண்டியிருந்தது. விஸ்டாவிலிருந்து அத்துணை இயங்குதளத்துடனேயே வந்தது. பாவனையாளர் தமக்கென ஓர் எழுத்துருவை நிர்வாகியின்றி நிறுவிக்கொள்ளும் வசதி விண்டோஸ் 10 இல் 2018 இலேதான் கிட்டியது. அரசியலமைப்புத் தந்த உரிமை, ஒரு கடவுச்சொல்லின் வாசலில் முப்பதாண்டுகளுக்கு மேற் காத்திருந்தது என்றால் மிகையாகாது.

அப்படியாயின், எல்லோருக்கும் திறப்பைக் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அதுவும் தீர்வாகாது. தீய நிரலொன்றை அறியாது திறந்தவருக்கு எவ்வளவு அதிகாரம் உண்டோ அவ்வளவும் அந்நிரலுக்கும் கிட்டும். அவர் சாதாரணப் பாவனையாளராயின் சேதம் அவர் கைக்கெட்டிய கோப்புகளோடு நிற்க வாய்ப்புண்டு. நிர்வாகியாயின் முழு இயந்திரமும் பறிபோகும். ஜெரோம் சால்ட்சர், மைக்கல் ஷ்ரோடர் ஆகியோர் 1975 இல் எழுதிய கட்டுரையில் இதற்கான நெறியை வகுத்தனர்: ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பாவனையாளரும் தம் அலுவலுக்கு வேண்டிய மிகக் குறைந்த அதிகாரத்துடனேயே இயங்க வேண்டும். இந்நெறி இருபுறமும் வெட்டும். வேண்டாத அதிகாரம் கூடாது என்பதோடு, வேண்டிய அதிகாரத்தை மறுக்கலாகாது என்பதும் அதனுள் அடங்கும்.

திறப்பை வைத்திருப்போருக்கும் கடமையுண்டு. 2023 ஓகஸ்ட் மாதம் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறைமை, பணயம் கேட்கும் நிரலொன்றின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. அம்முறைமை 2013 ஆம் ஆண்டின் வெளியீடான மென்பொருளைப் புதுப்பிக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தது. அக்காலத்துக்குரிய மாற்றுப்பிரதி தனியே பேணப்படவில்லை. மூதூரிலோ தோப்பூரிலோ உள்ள எழுதுவினைஞர் எவரும் இதைப் புதுப்பித்திருக்க முடியாது. அந்த அதிகாரம் மேலிடத்திலேயே இருந்தது. கீழுள்ளோரிடம் கட்டுப்பாட்டைக் கோரும் அதிகாரம், தன் கட்டுப்பாட்டை மறந்தால் நேருவது இதுவே.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் கோர வேண்டியவை அரியன அல்ல. அரச பணத்தில் வாங்கப்படும் எந்த மென்பொருளும் சாதாரணப் பாவனையாளரின் கணக்கில் முதலிற் சோதிக்கப்பட வேண்டும். நிர்வாகி உரிமையின்றி ஓடாத மென்பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டும். உடனே மாற்ற இயலாத பழைய மென்பொருளுக்கு, அது எழுதும் அந்த ஓர் அடைவில் மட்டும் எழுத்துரிமை கொடுத்தால் பெரும்பாலும் அலுவல் நடக்கும். முழுத் திறப்பு வேண்டுவதில்லை. தமிழ் எழுதுவதற்கு வேண்டியவை கணனி கந்தோருக்கு வரும்போதே அதனுள் இருக்க வேண்டும். அவசரத்தில் அழைத்தால் வந்து உதவும் பொறுப்பாளர் ஒருவர் ஒவ்வொரு பிரதேசத்திலும் வேண்டும்.

துறைமுகத் தளம் கையளிக்கப்பட்டது கெஞ்சியதனால் அன்று. மக்கள் அதனைக் கேட்டார்கள், கேட்டவர்களின் குரல் அரசாங்கத்தின் கொள்கையாயிற்று. கந்தோர் மேசையிலுள்ள சிறிய இயந்திரத்தைப் பற்றியும் நாம் கேட்கத்தான் வேண்டும். வரிசையில் நிற்கும் குடியானவருக்கு அன்றைய அலுவல் அன்றே முடிய வேண்டும்.