மாறாத எண்ணின் வரலாறு

உலகில் காணும் வடிவங்கள் எண்ணிறந்தன. அவற்றை இனம் பிரித்தறிய நீளமும் அகலமும் போதா. வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத ஒன்று வேண்டும். அத்தகைய ஒன்றைக் கணித அறிஞர் கண்டறிந்த வரலாறு, கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் ஒருசேரப் பயன் தருவதாகும்.

1750ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், பெர்லின் நகரில் வாழ்ந்த ஆய்லர் என்னும் கணித மேதை, தம் நண்பர் கோல்ட்பாகுக்கு வரைந்த மடலில் ஒரு விதியைக் குறித்தார். தட்டையான முகங்களையுடைய திண்மம் ஒன்றன் முனைகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளின் எண்ணிக்கையைக் கழித்து, முகங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் 2 கிடைக்கும் என்பதே அது. மூடிய தீப்பெட்டிக்கு முனைகள் 8, விளிம்புகள் 12, முகங்கள் 6; விடை 2. நான்கு முக்கோணங்களாலான நான்முகிக்கு அவை முறையே 4, 6, 4, விடை அதுவே. ஆய்லர் தந்த நிறுவல் முழுமை பெறவில்லை. 1794இல் பிரெஞ்சு அறிஞர் லெஜாந்தர், குவிந்த திண்மங்களுக்கு அதனை ஐயமற நிறுவினார்.

ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிதில் இவ்விதியை வகுப்பில் கற்பித்தேன். மறுநாள் மாணவன் ஒருவன், நான்கு மரத்துண்டுகளை மூலைகளில் சாய்வாக வெட்டி இணைத்த படச்சட்டம் ஒன்றைக் கொணர்ந்தான். இணைப்புக் கோடுகளையும் விளிம்புகளாகக் கொண்டு எண்ணியிருந்தான். முனைகள் 16, விளிம்புகள் 32, முகங்கள் 16, விடை சுழியம்! “இது பாடத்தில் இல்லை” எனக் கூறி அவனை அமர்த்திவிட்டேன்.

ஜெனீவா நகரத்து லுயிலியே, இத்தகைய விதிவிலக்குகளை 1812, 1813ஆம் ஆண்டுகளிலேயே ஆராய்ந்திருந்தார் என்பதைப் பின்னர்ப் படித்தபோது நாணினேன். அவர் விதிவிலக்கை ஒதுக்கவில்லை. அதன் காரணத்தை நாடினார். ஊடுருவும் துளை ஒவ்வொன்றும் விடையில் 2ஐக் குறைக்கிறது என்று கண்டார். துளையில்லையேல் 2, ஒரு துளையிருப்பின் சுழியம், இரு துளைகளிருப்பின் −2.

இங்ஙனம், பிழையெனத் தள்ளத்தக்கதே வகைப்பாட்டுக்கு வித்தாயிற்று. வளைந்த பரப்பையும் துளையற்ற துண்டுகளாகப் பிரித்து எண்ணலாம். அவ்வாறு எண்ணின், பந்தும் தீப்பெட்டியும் ஓரினம். உளுந்து வடையும் வளையலும் மற்றோரினம். உள், வெளி என இரு பக்கங்களையுடைய மூடிய பரப்புகளைத் துளைகளின் எண்ணிக்கை கொண்டே வகைப்படுத்தலாம் என்பதை 1863இல் மோபியஸ் வெளியிட்டார். 1895இல் புவான்காரே இக்கருத்தை உயர் பரிமாணங்களுக்கும் விரித்து, இடத்தியல் என்னும் துறைக்கு அடித்தளமிட்டார்.

ஆசிரியப் பெருமக்களே! விதிக்கு அடங்காத ஒன்றை மாணவன் கொணரும்போது, அவனை அமர்த்திவிடாதீர்கள். அவனருகே அமர்ந்து, அவனோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள்.