மைக்கேல் ஜாக்சன் முதல் எம்.ஐ.ஏ வரை... விஜய் ஐயரின் பியானோவை எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

கோரிப்பாளையம் சிக்னல்ல மாட்டினா ஒரு முழுப் பாட்டைக் கேட்டு முடிச்சிடலாம்னு மதுரைக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம். அந்த கேப்ல கேட்க கச்சிதமான ஒரு ட்ராக் இருக்கு. பேரு, 'கலாங் (ட்ரையோ ரயட் வெர்ஷன்)'. பியானோ, பேஸ், டிரம்ஸ் மட்டும்தான். பாட்டுப் பாட ஆள் கிடையாது. ஆனா, யாரோ கதவைத் தட்டிக்கிட்டே இருக்கிற மாதிரி ஒரு வேகம் இருக்கும்.

'கலாங்' யார் பாட்டுன்னு நினைவிருக்கா? யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போர் காரணமா லண்டன் போய்ச் சேர்ந்த மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ, 2003-ல் வெளியிட்ட முதல் சிங்கிள். அதை எடுத்து 2009-ல் ஜாஸ் பியானோவுக்கு மாற்றியவர், தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயர். ஒரு ஈழத்தமிழ்ப் பெண்ணின் பாட்டை நியூயார்க் தமிழர் ஒருத்தர் வாசிக்கிறார். ஆனா ரெண்டுலயும் நாம 'தமிழ் இசை'ன்னு சொல்ற எதுவும் நேரடியா கிடையாது. விஜய் ஐயரைக் கேட்கிறதில் இருக்கிற சுவாரஸ்யமும் சிக்கலும் இதுதான்.

யார் இவர்?

1971-ல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தவர். 3 வயசுல வயலின் கத்துக்க ஆரம்பிச்சு, சுமார் 15 வருஷம் மேற்கத்திய முறையில் பயின்றார். பியானோ? பெரும்பாலும் காதால் கேட்டு தானாகவே பழகியது. யேல் பல்கலைக்கழகத்தில் கணிதம், இயற்பியல். பெர்க்லியில் இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போனவர், பாதியில் தடம் மாறி, இசையை மனிதன் எப்படி உடம்பால் உணர்கிறான் என்பதில் 1998-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 2013-ல் மெக்ஆர்தர் ஃபெலோஷிப், 6,25,000 டாலர். 2014-லிருந்து ஹார்வர்டில் பேராசிரியர். நம்ம வீட்ல 'முதல்ல படிப்பை முடி, அப்புறம் மியூசிக்'னு சொல்ற அப்பாக்களுக்கு உதாரணமா காட்டவும் முடியாது, காட்டாம இருக்கவும் முடியாது.

பேருக்குப் பின்னாடி இருக்கிற 'ஐயர்' பத்தியும் ஒரு வார்த்தை. சாதிப் பேரை வெட்டி எறிஞ்சு பல தலைமுறை ஆன ஊர் நம்மளோடது. அமெரிக்கக் காகிதங்களில் அது வெறும் குடும்பப் பெயராகவே தொடருது. அதனால இந்தக் கட்டுரையிலும் வேற வழியில்லாம அப்படியே வருது.

எங்கே ஆரம்பிக்கலாம்?

முதல் ஆல்பம் 'மெமரோஃபிலியா' 1995-ல் வந்தது. ஆனா அங்கிருந்து வரிசையா கேட்காதீங்க, பாதியிலயே ஓடிடுவீங்க. 2009-ல் வந்த 'ஹிஸ்டாரிசிட்டி'யில் ஆரம்பிங்க. ஸ்டீபன் கிரம்ப் பேஸ், மார்கஸ் கில்மோர் டிரம்ஸ். கிராமி பரிந்துரை வரை போன ஆல்பம். 'கலாங்' இதில்தான் இருக்கு. அதைவிட முக்கியமான ட்ராக் 'மிஸ்டிக் ப்ரூ'. 70-களின் ஆர்கன் கலைஞர் ரானி ஃபாஸ்டரின் பாட்டு. அமெரிக்க ஹிப்ஹாப் ரசிகர்களுக்கு 'எ ட்ரைப் கால்டு க்வெஸ்ட்' குழு வெட்டி ஒட்டிய சாம்பிளாக அது பழக்கம். விஜய் இதன் தாளத்தை ஃபிபனாச்சி எண்களின் விகிதத்தில் அடுக்கினார்.

பயப்பட வேணாம், கொன்னக்கோல் தெரிஞ்சவங்களுக்கு இது ஈஸி. 'தக' ரெண்டு, 'தகிட' மூணு, 'தக தகிட' அஞ்சு. மூணும் அஞ்சும் சேர்ந்தா எட்டு. அஞ்சும் எட்டும் சேர்ந்தா பதிமூணு. முந்தைய ரெண்டைக் கூட்டினா அடுத்தது கிடைக்கும். குட்டையும் நெட்டையுமான ரெண்டு அடிகளுக்கு நடுவில் இருக்கிற விகிதம் ஏறக்குறைய அப்படியே இருக்க, எண்ணிக்கை மட்டும் வளரும். காதுக்கு அது லேசா நொண்டி நடக்கிற ஒரு நடை மாதிரி கேட்கும். எண்ண வேண்டியதே இல்ல, தலை தானா ஆடும். இந்த எண் வரிசையை ஃபிபனாச்சிக்கு முன்னாடியே நம்ம நாட்டு யாப்பிலக்கண அறிஞர்கள் குறில் நெடிலைக் கணக்குப்போட்டுக் கண்டுபிடிச்சிருந்தாங்க என்பது கூடுதல் தகவல்.

அடுத்து 'ஆக்சிலராண்டோ' (2012). மைக்கேல் ஜாக்சனின் 'ஹியூமன் நேச்சர்' இதில் இருக்கு. 'த்ரில்லர்' ஆல்பத்தில் கேட்ட அதே மெட்டு, ஆனா கீழே தாளம் நகர்ந்துக்கிட்டே இருக்கும். மெட்டு தெரிஞ்ச பாட்டா இருந்தா ஜாஸ்ல என்ன நடக்குதுன்னு பிடிக்கிறது சுலபம். 2010-ல் வந்த 'சோலோ' ஆல்பத்தில் இதே பாட்டைத் தனியா வாசிச்சிருப்பார். ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க, சோலோதான் எனக்கு இன்னும் பிடிக்கும்.

'இந்தியத்தனம்' எங்கே?

நம்ம ஆளுன்னு தெரிஞ்சதும் எல்லாரும் தேடுற விஷயம் இது. அதற்குப் பக்கமான பதில் 'தீர்த்தா' (2011). சென்னை ஐ.ஐ.டி-யில் படிச்சு, கிட்டாரில் கர்னாடக இசை வாசிக்கும் பிரசன்னாவும் ஹைதராபாத்தின் நிதின் மித்தா தபலாவும் கூட. கமகம் வளைஞ்சு போற கிட்டாருக்குப் பக்கத்துல, சுரத்தை வளைக்கவே முடியாத பியானோ என்ன பண்ணும்? விஜய் போட்டி போடறதில்லை. தாளத்துல இறங்கி நிக்கிறார்.

ஆனா அவரோட இசையை இந்த ஒரு ஆல்பத்துக்குள்ள அடைச்சா தப்பாகிடும். தெலோனியஸ் மங்க், ஆண்ட்ரூ ஹில் போன்ற கறுப்பின அமெரிக்கப் பியானோ கலைஞர்களின் வழியில்தான் அவர் வளர்ந்தார். 2014-ல் யேலில் ஆசிய அமெரிக்கர்கள் முன்னாடி பேசியபோது, நம்ம வெற்றியைக் கொண்டாடுறதுக்கு முன்னாடி அந்த நாட்டு அநீதிகளில் நம்ம பங்கு என்னன்னு யோசிக்கணும் என்கிற கேள்வியைத்தான் வைத்தார். கைதட்டல் வாங்க சுலபமான வழி அது இல்ல.

அந்தக் கேள்வி பதிவுகளிலும் கேட்கும். கவிஞர் மைக் லாடுடன் செய்த 'இன் வாட் லாங்வேஜ்?' (2003), ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹி 2001-ல் நியூயார்க் விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டதிலிருந்து பிறந்தது. விமான நிலையத்தில் பழுப்புத் தோலோட நிக்கிறது என்னன்னு சொல்ற ஆல்பம். 'அன்ஈஸி'யில் (2021), லிண்டா மே ஹான் ஓ, டைஷான் சோரி கூட வாசிச்ச 'சில்ட்ரன் ஆஃப் ஃபிளிண்ட்', குடிநீரில் ஈயம் கலந்த மிச்சிகன் நகரத்துக் குழந்தைகளுக்காக. கூப்பாடு எதுவும் இல்லாத, மெதுவான பதிவு. தலைப்பைப் படிக்காம கேட்டா அழகா இருக்கும். படிச்சிட்டு கேட்டா வயித்தைப் பிசையும்.

ராத்திரிக்கு ஒண்ணு வேணும்னா 'லவ் இன் எக்ஸைல்' (2023). பாகிஸ்தானிய அமெரிக்கப் பாடகி அரூஜ் அஃப்தாப், ஷஹ்ஜாத் இஸ்மாயிலி கூட விஜய். உருது வரிகள் அங்கங்கே மட்டும் வரும், மீதி நேரம் பியானோவும் சிந்தஸைசரும் மிதக்கும். ரெண்டு கிராமி பரிந்துரை வாங்கிய ஆல்பம். பல ட்ராக்குகள் 10 நிமிஷம் தாண்டும், ஷேர் ஆட்டோ பயணத்துக்கு ஒத்துவராது. மொட்டை மாடி, ஹெட்போன், கரன்ட் கட் ஆன நேரம் சரியா இருக்கும். போன்ல சார்ஜ் மட்டும் பார்த்துக்கோங்க.